மழை மாதத்தில் வெளுத்த பொடி: இண்டோமெத்தசின் – பாலிமர் திண்மப் பரவல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட ஒரு பார்மசி கல்லூரியில், எம்.ஃபார்ம் இறுதியாண்டு மாணவி ஒருவரின் ஆய்வுத் திட்டமாக இது தொடங்கியது. தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு மருந்தைப் பாலிமருடன் சேர்த்துத் திண்மப் பரவலாக்கி, அது கரையும் வேகத்தைக் கூட்டுவது நோக்கம். மாணவர்கள் இதைச் சுருக்கமாக 'எஸ்.டி.' என்பார்கள். தேர்ந்தெடுத்த மருந்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் இண்டோமெத்தசின்; பாலிமர், தண்ணீரில் கரையும் பிவிபி கே-30.

இண்டோமெத்தசின் ஒரு வலுக்குறைந்த அமிலம், பி.கே.ஏ. (அமில வலுவைக் குறிக்கும் எண்) 4.5. வயிற்றின் அமிலத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே கரையும். பி.எச். 6.8-க்கு மேல் போனால் தாராளமாகக் கரையும். சந்தையில் இருக்கும் கேப்ஸ்யூலிலிருந்தே உடல் இதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நோயாளிக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்முறை பழகுவதற்கான மாதிரி மருந்தாகத்தான் இதை எடுத்தார்கள். அந்த வகையில் நல்ல தேர்வு. படிக நிலையில் இந்த மருந்து வெள்ளை, அல்லது மிக வெளிறிய மஞ்சள். படிக ஒழுங்கு குலைந்த அமார்ஃபஸ் நிலையில் பளிச்சென்ற மஞ்சள். தவறு நடந்தால் கருவிக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படிகத்தில் மூலக்கூறுகள் வரிசையாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை உடைக்கும் ஆற்றலைத் தண்ணீர்தான் கொடுத்தாக வேண்டும். மருந்தைப் பாலிமருடன் ஒரே கரைப்பானில் கரைத்து வேகமாக உலர்த்தினால், வரிசை கட்ட நேரமில்லாமல் மூலக்கூறுகள் பாலிமருக்குள் சிதறி உறைந்துவிடும். உடைக்க வேண்டிய கட்டு இல்லாததால் வேகமாகக் கரையும். ஆனால் அது நிலையான நிலை அல்ல. நோம்பிக் கடையில் விற்கும் பஞ்சுமிட்டாயும் படிகமற்ற சர்க்கரைதான். ஈரக்காற்று பட்டதும் சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் நறநறவென்று சர்க்கரைக் கட்டியாகிவிடுகிறது. இந்த ஆய்வில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

முதல் தொகுதி: செப்டம்பர்

மருந்து 4 கிராம், பிவிபி 2 கிராம். 250 மிலி எத்தனாலை 45 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டையும் அதில் கரைத்தார்கள். இண்டோமெத்தசின் ஒரு பங்கு கரைய எத்தனால் சுமார் 50 பங்கு வேண்டும் என்பதால் இந்த அளவுக்குக் கீழே குறைக்க வழியில்லை. ரோட்டரி எவாப்பரேட்டரில் 500 மிலி குடுவை, 50 டிகிரி நீர்த்தொட்டி, இரண்டு மணி நேரம். குடுவைச் சுவரில் படிந்ததைச் சுரண்டி, சாதாரண ஹாட் ஏர் ஓவனில் 45 டிகிரியில் ஓர் இரவு வைத்தார்கள். மறுநாள் கல்வத்தில் இருபது நிமிடம் அரைத்து, 60-ஆம் எண் சல்லடையில் சலித்து, டெசிக்கேட்டரில் வைத்தார்கள்.

பொடி நல்ல மஞ்சளாக இருந்தது. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது, வெறும் மருந்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைந்தது. மாதிரியைச் சூடாக்கி அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியின் வரைபடத்தில், மருந்தின் உருகுநிலையான 160 டிகிரியை ஒட்டி வரவேண்டிய பள்ளம் இல்லை. 'முழுவதும் அமார்ஃபஸ்' என்று குறித்துக்கொண்டு, பொடியின் ஒரு பகுதியை, படிகம் இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனுக்கு வெளியே அனுப்பிவைத்தார்கள். அந்தக் கருவி கல்லூரியில் இல்லை. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

கவனித்தவை: அக்டோபர், நவம்பர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒரு நாள், கரைதல் சோதனையை மறுபடி செய்யப் பொடியை எடுத்த மாணவி புட்டியின் உட்சுவரைக் கவனித்தார். "சார், ஓரமெல்லாம் வெள்ளையா பூத்திருக்குதுங்க." மஞ்சள் பொடிக்கு நடுவே, உப்புப் பூத்த சுவரைப் போல வெள்ளைத் திட்டுகள். பொடியும் சாய்த்தால் கொட்டாமல், ஒரே கட்டியாக இறுகியிருந்தது.

டெசிக்கேட்டரின் அடியில் இருந்த சிலிக்கா ஜெல் நீலமாக இல்லை, வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தது. ஆய்வக உதவியாளர் அக்காவிடம் கேட்டபோது, "அது கலர் மாறி ரொம்ப நாளாச்சுங்க, யாரும் மாத்தச் சொல்லலீங்க" என்றார். அவர் மீது தவறில்லை. 110 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் அந்த ஜெல் மீண்டும் நீலமாகும். அதை யார் செய்வது, எந்தக் கிழமை செய்வது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

கரைதல் சோதனையில், ஒரு மாதத்துக்கு முன் கிடைத்த வேகம் பெருமளவு போயிருந்தது. இதற்குள் எக்ஸ்ரே முடிவும் வந்தது. அமார்ஃபஸ் பொருளுக்குரிய அகன்ற மேட்டின் மீது 11.6, 19.6, 21.8 டிகிரிகளில் கூர்மையான முகடுகள். இவை இந்த மருந்தின் படிக வகைகளில் ஒன்றான காமா வடிவத்தின் அடையாளம். மாதிரி அனுப்பியது செப்டம்பரில். அதாவது மழைக்கு முன்பே, அல்லது வழியிலேயே, படிகமாதல் தொடங்கிவிட்டது.

அப்படியானால் டிஎஸ்சி ஏன் காட்டவில்லை? இந்த நிகழ்வில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. திட்ட அறிக்கைகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் பிழை இதுதான்.

டிஎஸ்சி மாதிரியை அப்படியே பார்க்கும் கருவி அல்ல. சூடாக்கிக்கொண்டே பார்க்கும் கருவி. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேறும்போது, மருந்தும் பாலிமரும் சேர்ந்த கண்ணாடி போன்ற பகுதி முதலில் இளகுகிறது. அதில் கிடக்கும் சிறு படிகங்கள் 160 டிகிரியை எட்டும் முன்பே அந்த இளகிய கூழில் கரைந்துவிடுகின்றன. உருக எதுவும் மிஞ்சாததால் பள்ளம் வருவதில்லை. இதை நேரடியாகச் சோதிக்க வழிகாட்டி ஒரு வேலை சொன்னார்: புதிதாகச் செய்து நன்றாக உலர்த்திய மஞ்சள் பொடி 90 மில்லிகிராமுடன், படிக மருந்து 10 மில்லிகிராமைக் கலந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தெரிந்தே பத்தில் ஒரு பங்கு படிகம் போட்டும், வரைபடத்தில் மிக மெல்லிய ஒரு குழிவைத் தவிர எதுவும் இல்லை. அந்தத் தாளைச் செப்டம்பர் வரைபடத்தின் அருகில் வைத்தபோது, 'முழுவதும் அமார்ஃபஸ்' என்ற குறிப்பைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டியதாயிற்று.

காரணம் தேடியது

முதல் தொகுதியை அதே முறையில் மறுபடி செய்து, இந்தமுறை ஒவ்வொரு படியிலும் உலர்த்தல் எடை இழப்பை அளந்தார்கள். ஓவனிலிருந்து எடுத்தபோதே ஆறு சதவீதத்தை ஒட்டி இருந்தது. எத்தனால், தண்ணீர் இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

இரண்டு இடங்களில் ஓட்டை. ஒன்று, வெற்றிடம். ரோட்டரி எவாப்பரேட்டருக்கு வாட்டர் ஜெட் ஆஸ்பிரேட்டர்தான் இணைத்திருந்தார்கள். அது தரும் வெற்றிடம் தண்ணீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போகாது. 30 டிகிரித் தண்ணீர் என்றால் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான் எல்லை. மாலையில் மேல்தொட்டியின் நீர்மட்டம் இறங்கினால் அந்த அளவும் கிடைக்காது. பிவிபி எத்தனாலை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள். கடைசி நான்கைந்து சதவீதம் இந்த வெற்றிடத்தில் வெளியேறாது. மருந்தில் எத்தனால் 5000 பிபிஎம், அதாவது அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஐசிஎச் (மருந்துத் தர விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு) வரம்பை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பொடி தேறாது.

இரண்டு, கல்வம். பொடியாக்கினால் பரப்பு கூடும். திறந்த அறையில் இருபது நிமிடம் அரைத்ததில் காற்றின் ஈரத்தை அது ஆவலோடு உறிஞ்சியிருக்கிறது. அரைக்கும் அழுத்தமே படிக விதைகளை எழுப்பவும் வல்லது.

ஈரம் ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமார்ஃபஸ் பொருள் கண்ணாடி போல இறுகிய நிலையிலிருந்து ரப்பர் போல இளகும் வெப்பநிலையை 'டி.ஜி.' என்கிறோம். இண்டோமெத்தசினுக்கு அது 42 டிகிரி. உலர்ந்த பிவிபி கே-30-க்கு 160-ஐத் தாண்டும். மருந்து இரண்டு, பிவிபி ஒன்று என்ற இரண்டுக்கு ஒன்று கலவைக்கு, கலவையின் டி.ஜி.யைக் கணிக்கும் கார்டன்–டெய்லர் சமன்பாட்டில் போட்டால் 75 டிகிரியை ஒட்டி வருகிறது. அதில் ஐந்து சதவீதம் தண்ணீரைச் சேர்த்துப் போட்டால் 43-க்கு இறங்கிவிடுகிறது. மூலக்கூறுகள் அசையாமல் கிடக்க வேண்டுமானால் சேமிப்பு வெப்பநிலை டி.ஜி.க்கு 50 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் கைக்கணக்கு. 30 டிகிரி அறையில் 43 டிகிரி டி.ஜி. உள்ள பொடி என்றால், அது வெளுக்கும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பதாகத்தான் பொருள். போதாததற்கு, மருந்தின் அமிலத் தொகுதி பிவிபியின் கார்பனைலோடு போட்டிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பின் இடத்தையும் தண்ணீர் பிடுங்கிக்கொள்கிறது.

எடுத்த முடிவுகள்

முதலில் வந்த யோசனை, பிவிபியைக் கூட்டுவது. மருந்து ஒன்று, பிவிபி இரண்டு என்றால் உலர்ந்த நிலையில் டி.ஜி. 115-ஐ ஒட்டி வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 75 சதவீத ஈரப்பதத்தில் பிவிபி தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரை இழுக்கும். அந்தக் கலவை 15 சதவீதம் தண்ணீர் ஏற்றால் டி.ஜி. அறை வெப்பத்துக்கும் கீழே, 16 டிகிரிக்குப் போய்விடுகிறது. பாலிமரைக் கூட்டுவதோடு நீர் உறிஞ்சியையும் கூட்டுகிறோம் என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு காட்டிவிட்டது.

இரண்டாவது யோசனை, எச்பிஎம்சிஏஎஸ் என்ற செல்லுலோஸ் வகைப் பாலிமர். இதன் டி.ஜி. 120 டிகிரி அளவில்தான், பிவிபியைவிடக் குறைவு. ஆனால் தண்ணீரை இழுப்பது மிகக் குறைவு. ஒன்றுக்கு இரண்டு கலவையில் உலர்ந்த நிலையில் 90. நான்கு சதவீதம் தண்ணீர் ஏறினாலும் 60-ஐ ஒட்டி நிற்கிறது. காகிதத்தில் உயரமாகத் தெரியும் எண்ணைவிட, ஈரம் ஏறிய பிறகு மிஞ்சும் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தது சரியான முடிவு.

பக்கத்துக் கல்லூரியில் ஸ்ப்ரே டிரையர் இருந்தது. அதைக் கேட்கலாம் என்றபோது வழிகாட்டி மறுத்தார். அது காற்றில் ஓடும் திறந்த அமைப்பு. நைட்ரஜன் மூடிய சுற்று இல்லை. அசிட்டோன் போன்ற கரைப்பானை அதில் தெளித்தால் வெடிக்க வாய்ப்புண்டு. ரோட்டரி எவாப்பரேட்டரையே சரியாகப் பயன்படுத்துவதென்று தீர்மானமாயிற்று.

இரண்டாம் தொகுதி: ஜனவரி, பிப்ரவரி

எச்பிஎம்சிஏஎஸ் எம் வகை 4 கிராம், மருந்து 2 கிராம், அசிட்டோன் 120 மிலி. மேக்னெட்டிக் ஸ்டிரரில் சுழலும் அசிட்டோனில் பாலிமரைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். முதல் முயற்சியில் மொத்தமாகக் கொட்டியதில், வெளியே ஜெல் உறையும் உள்ளே உலர்ந்த மாவுமாக உருண்டைகள் கட்டி, மூன்று மணி நேரம் ஆகியும் கரையவில்லை. தூவிப் போட்டபோது ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. அதன் பிறகே மருந்து.

குடுவை ஒரு லிட்டர். நீர்த்தொட்டி 40 டிகிரி. வெற்றிடத்தை ஒரேயடியாகத் திறந்தால் கரைசல் நுரைத்துக் கழுத்து வழியாக கண்டென்சருக்கு ஏறிவிடும்; படிப்படியாகக் கூட்ட வேண்டும். கரைசல் தேன் பதத்துக்கு வந்த பிறகு எழும் நுரை மட்டும் நல்லது. சுவரில் பொரி போலப் பொருமி உலர்கிறது, சுரண்டினால் நொறுங்கி உதிர்கிறது. ஆஸ்பிரேட்டரை எடுத்துவிட்டு ஆயில் பம்ப் வைத்தார்கள். அசிட்டோன் ஆவி எண்ணெயைக் கெடுக்காமலிருக்க இடையில் ஐஸும் உப்பும் நிரப்பிய குளிர்பொறி. எல்லா வேலையும் ஃபியூம் ஹுட் உள்ளே, தீ மூட்டாமல்.

அடுத்து வேக்குவம் ஓவனில் 45 டிகிரி, 48 மணி நேரம். தட்டில் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது. எடை இழப்பு ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அடுத்த படி என்று முன்கூட்டியே வரம்பு வைத்தார்கள். ஏசி அறையில் ஈரப்பதமானி 40-க்குக் கீழே காட்டும்போது மட்டும், இரண்டு நிமிடத்துக்குள் பொடித்துச் சலித்தார்கள். வெளிச்சம் இந்த மருந்துக்கு ஆகாது என்பதால் பழுப்புப் புட்டி.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று துணைத் தொகுதிகள்: உருக்கி வேகமாகக் குளிர்வித்த வெறும் மருந்து, முறையாக உலர்த்திய பிவிபி இரண்டுக்கு ஒன்று, பிவிபி ஒன்றுக்கு இரண்டு (இரண்டிலும் முதல் எண் மருந்து). ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை அலுமினியப் பையில் ஈரம் உறிஞ்சும் மாலிக்குலர் சீவுடன் சீல் வைத்தார்கள். ஒரு பங்கைத் திறந்த வாட்ச் கிளாஸில் வைத்து, சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசல் ஊற்றிய டெசிக்கேட்டருக்குள் விட்டார்கள். அந்தக் கரைசல் 25 முதல் 40 டிகிரி வரை 75 சதவீத ஈரப்பதத்தைப் பிசகாமல் தரும். விலையுயர்ந்த ஸ்டெபிலிட்டி சேம்பர் இல்லாத இடத்தில் இதைவிட நம்பகமான ஏற்பாடு இல்லை. ஒரு டெசிக்கேட்டர் அறை வெப்பத்தில், ஒன்று 40 டிகிரி இன்குபேட்டரில்.

படிகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி கல்லூரிக்குள்ளேயே இருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூலிகைப் பிரிவில் கால்சியம் ஆக்சலேட், ஸ்டார்ச் பார்க்க வைத்திருக்கும் போலரைசிங் மைக்ராஸ்கோப். ஸ்லைடில் ஒரு துளி லிக்விட் பாரஃபினில் பொடியைத் தூவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வைத்தால் பார்க்கும்போதே படிகமாகும்; ஆல்கஹால் வைத்தால் கரைந்தே போகும். இரு போலரைசர்களையும் குறுக்காக வைத்தால் அமார்ஃபஸ் துகள் இருட்டில் மறைந்துவிடும், படிகம் மட்டும் மினுக்கும். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிட வேலை.

கரைதல் சோதனையைத் திருத்தியது

முன்பு அமிலத்தில் மட்டும் பார்த்தார்கள். எச்பிஎம்சிஏஎஸ் எம் வகை பி.எச். 6.0-க்கு மேல்தான் கரையும் என்பதால் அது இங்கே பொருந்தாது. பி.எச். 6.8-இல் 900 மிலி வைத்து 25 மில்லிகிராம் மருந்தைப் போட்டால், படிக மருந்தே கரைந்துவிடும். எல்லாத் தொகுதிகளும் ஒன்றுபோல நல்ல பெயர் வாங்கும். எனவே பி.எச். 6.2 பஃபரில் படிக மருந்தை 24 மணி நேரம் குலுக்கி அதன் கரைதிறனை முதலில் அளந்து, அதைப்போல மூன்று மடங்கு செறிவு வரும்படி பொடியைப் போட்டார்கள். இப்படி வைத்தால்தான் எந்தப் பாலிமர் மருந்தை மிகைச்செறிவில் (கரைதிறனுக்கு மேற்பட்ட செறிவில்) பிடித்து நிறுத்துகிறது என்பது தெரியும்.

எடுத்த மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் முதல் 5 மிலியைக் கொட்டிவிட்டு வாங்கி, உடனே மெத்தனாலில் நீர்த்து 320 நானோமீட்டரில் படித்தார்கள். நீர்க்காமல் அரை மணி நேரம் டெஸ்ட் டியூப் ஸ்டாண்டில் வைத்த மாதிரிகளில் அடியில் மருந்து படிந்திருந்தது. அந்த அளவீடுகளை விலக்கிவிட்டார்கள்.

நடந்தது

கரைதலில் பிவிபி தொகுதிகள் முதல் பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, அரை மணிக்குள் இறங்கத் தொடங்கின. எச்பிஎம்சிஏஎஸ் மெதுவாக ஏறி, இரண்டு மணி நேரம் வரை மிகைச்செறிவைப் பெரிதும் விடாமல் வைத்திருந்தது.

திறந்து வைத்தவற்றில், உருக்கிக் குளிர்வித்த வெறும் மருந்து முதல் வாரத்திலேயே வெளுத்தது. பிவிபி இரண்டுக்கு ஒன்று மூன்றாம் வாரம் மைக்ராஸ்கோப்பில் மினுக்கியது. கண்ணுக்கு வெள்ளை தெரிய மேலும் பத்து நாள் ஆயிற்று. பிவிபி ஒன்றுக்கு இரண்டு படிகமாகவில்லை. ஆனால் இரண்டாம் வாரமே மழைக்காலத்து அச்சுவெல்லம் போலக் கசிந்து வாட்ச் கிளாஸோடு ஒட்டிக்கொண்டது. கேப்ஸ்யூலில் நிரப்பும் பொருளாக அதற்கு இனி வேலையில்லை. எச்பிஎம்சிஏஎஸ் அறை வெப்பத்தில் 12 வாரமும் மஞ்சளாக, உதிரியாக இருந்தது. எக்ஸ்ரேயில் அகன்ற மேடு மட்டும். 40 டிகிரியில் வைத்ததில் 12-ஆம் வாரம் ஓரத் துகள்களில் சில மினுக்கல்கள் தென்பட்டன. எக்ஸ்ரே அதைப் பிடிக்கவில்லை. அறிக்கையில் அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

சீல் வைத்த பைகளில் பிவிபி தொகுதிகள் இரண்டுமே 12 வாரமும் மஞ்சளாகவே இருந்தன. செப்டம்பரில் கெட்டதற்குப் பிவிபியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு இது நேரடிச் சான்று. நன்றாக உலர்த்தி, ஈரம் புகாமல் அடைத்தால் அதுவும் தாங்கும். நோயாளி தினமும் திறந்து மூடும் புட்டிக்குத்தான் அது ஏற்றதல்ல.

மாத்திரையாக்கும் முயற்சி பாதியில் நின்றது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் குறுணையாக்கும் வெட் கிரானுலேஷன் செய்யலாம் என்ற யோசனையை உடனே தள்ளினார்கள். பாடுபட்டு வெளியேற்றிய கரைப்பானைத் திரும்ப ஊற்றுவதாகிவிடும். ஸ்லக்கிங் (உலர்பொடியை முதலில் பெரிய கட்டிகளாக அழுத்தி உடைப்பது) செய்து, மாத்திரையை உடையச் செய்யும் கிராஸ்போவிடோன் ஐந்து சதவீதம் சேர்த்து அழுத்தியவை நன்றாக உடைந்தன. நிலைப்புத்தன்மை பார்க்க நேரம் இல்லாததால் கேப்ஸ்யூலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுபடி செய்தால் மாற வேண்டியவை

எச்பிஎம்சிஏஎஸ் எம் வகை எடுத்தது அது இலவச மாதிரியாகக் கிடைத்ததால். இந்த மருந்துக்கு உதவி தேவைப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில், அங்கே பி.எச். 5.5-இலேயே கரையும் எல் வகைதான் பொருத்தம். எச்ச அசிட்டோனை எடை இழப்பில் மட்டும் பார்க்காமல் ஆவியைப் பிரித்து அளக்கும் ஹெட்ஸ்பேஸ் ஜிசியில் அளந்திருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் தனியாக அளந்திருந்தால், டி.ஜி. கணக்குக்கு ஊகம் தேவைப்பட்டிருக்காது. எக்ஸ்ரேக்கு அனுப்பும் மாதிரியைத் தாள் உறையில் போடாமல் சீல் செய்த பையில், உலர்த்தியுடன் அனுப்பியிருந்தால், படிகமானது ஆய்வகத்திலா வழியிலா என்ற கேள்வி இன்றுவரை நீடித்திருக்காது.

ஒரு மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. டெசிக்கேட்டர்களின் மூடியில் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: சிலிக்கா கடைசியாக வறுத்த தேதி, அடுத்து வறுக்க வேண்டிய திங்கட்கிழமை, செய்பவரின் கையெழுத்து. அதை நிரப்புபவர் அந்த ஆய்வக உதவியாளர் அக்காதான்.